வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க: நகைச்சுவையா, கனமான படமா?

வெண்ணாற்றங்கரை:
சனிக்கிழமை இரவுகளில் குடும்பமாக ஒரு படம் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எண்பதை நெருங்கும் மாமியார், எட்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள், நாங்கள் இருவர். என் கட்சி இதுதான்: கூடத்தில் எல்லோரும் உட்காரும்போது நகைச்சுவைப் படம் மட்டுமே போட வேண்டும். அழுத்தமான படங்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகம் மாறுவதைப் பார்த்து மூன்று தலைமுறையும் ஒரே நொடியில் சிரிக்கிறது. வேறு எந்த வகைப் படம் இதைச் செய்யும்?

நிலாமுற்றம்:
கடுமையாக மறுக்கிறேன், சகோதரி. கனமான படத்துக்கு வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. பாதியில் நிறுத்திப் பேசலாம், பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் ஒரு பெண் சொந்த வீடு கட்டத் துணிகிறாள். கடன், அனுமதி, லஞ்சம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சிமெண்டில் கைவைக்கும் ஒப்பந்தக்காரரை அம்பலப்படுத்துபவள் மங்கம்மா என்ற சித்தாள். நம் வீடுகளில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் விஷயங்கள் இவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை தெரியக் கூடாதா?

வெண்ணாற்றங்கரை:
தெரியட்டும். ஆனால் அந்தப் படத்தில் தாத்தா, கட்டி முடியாத வீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அதை என் மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க எனக்கு மனம் வராது. படம் எவ்வளவு உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

சிறுவாணி:
இருவருமே நகைச்சுவை என்றால் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நகைச்சுவைக் காட்சிகளில் எத்தனை, கறுப்பு நிறத்தையும் பருத்த உடலையும் வழுக்கைத் தலையையும் வைத்தே ஓடின? உதைப்பதும் வசவும்தான் பல காட்சிகளுக்கு உயிர். மறுநாள் அந்த வசவு பள்ளிக்கூடத்தில் இன்னொரு குழந்தையின் மேல் விழுகிறது. 'யு' சான்றிதழ் இதிலிருந்து காப்பாற்றாது. இணையத் தொடர்கள் தணிக்கை வாரியத்துக்குப் போவதே இல்லை. இணையத் தளங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த 2021 விதிகளின்படி 7+, 13+, 16+ என்ற வயது வரம்பைத் தளங்களே குறித்துக்கொள்கின்றன. ஆகவே பெரியவர் ஒருவர் முதலில் பார்த்துவிட வேண்டும், குறைந்தது முதல் அரைமணி நேரமாவது.

இன்னொன்று. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) கிரேசி மோகனின் வசனத்துக்காகவே பார்க்க வேண்டிய படம். ஆனால் அதில் கமல் ஏற்ற வேடங்களில் ஒன்றான சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழும் ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து பேசும் வேகமும் காது மந்தமானவர்களுக்குப் பிடிபடாது. பாட்டி புரியாமல் விழித்துக்கொண்டிருக்க மற்றவர்கள் சிரிப்பது அவருக்கு வருத்தம்தான்.

நிலாமுற்றம்:
சிறுவாணி சொல்வது சரி. ஆனால் நகைச்சுவை ஒரு பக்கம், கனம் ஒரு பக்கம் என்று பிரிப்பதையே நான் ஏற்கவில்லை. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) எந்தப் பக்கம்? மனோரமா வரும் காட்சிகளில் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். அதே வீட்டில் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே கோடு கிழிக்கப்படுகிறது. கடைசியில் எல்லாம் கூடிவரும் வேளையில் மூத்த மருமகளாக வரும் லட்சுமி, தனித்தனியாக இருந்து அன்போடு சந்தித்துக்கொள்வோம் என்கிறார். எங்கள் வீட்டில் இந்த முடிவைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. அம்மா மருமகள் பக்கம், அப்பா எதிர்ப்பக்கம். அந்தச் சண்டைக்காகவே மறுபடி போடுவேன். சிரித்துவிட்டு எழுந்து போய்விடும் படம் பாயசம் மட்டும் பரிமாறிய பந்தி.

வெண்ணாற்றங்கரை:
அப்படியானால் 'காக்கா முட்டை' (2015) மாதிரி படங்களுக்கு நான் உடன்படுகிறேன். பீட்சாவுக்கு ஏங்கும் இரண்டு பையன்களிடம், தோசையின் மேல் காய்கறியைத் தூவி, இதுதான் பீட்சா என்று அவர்களுடைய பாட்டி நீட்டும் காட்சியை என் சின்னவள் விட மாட்டாள்.

நிலாமுற்றம்:
அதிலும் அந்தப் பாட்டி இறந்துபோகிறாரே! 'வீடு' தாத்தாவுக்கு மட்டும் ஏன் தடை?

வெண்ணாற்றங்கரை:
நல்ல கேள்வி, யோசித்தே பதில் சொல்கிறேன். 'காக்கா முட்டை'யில் பாட்டி போன பிறகும் அந்தப் பையன்கள் ஓடுகிறார்கள், ஆசைப்படுகிறார்கள், சிரிக்க வைக்கிறார்கள். என் மாமியார் அவர்களோடு போய்விடுவார். 'வீடு' முடியும்போது நிலமே கைவிட்டுப் போகும் நிலை. எல்லாவற்றையும் கட்டிச் சேர்த்த ஒரு மூதாட்டியை அந்த முடிவோடு தூங்கப் போகச் சொல்ல முடியாது.

நிலாமுற்றம்:
அவரிடமே கேட்டீர்களா? 1988-இல் அவர் நடுத்தர வயதுப் பெண். திரையரங்கிலேயே பார்த்திருக்கலாம். பெரியவர்களால் தாங்க முடியாது என்று நாமே முடிவு கட்டுவது எனக்கு உவப்பாயில்லை.

சிறுவாணி:
இதில் நான் நிலாமுற்றம் பக்கம். ஆனால் கேட்கும்போது கதையின் முடிவையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமைக்கு 'தில்லு முல்லு' (1981) என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதை மாற்ற மாட்டேன். 'வீடு' வேண்டும் என்று அவர் சொன்னால் அடுத்த வாரம் போடுகிறேன், பகலில்.