காகிதக்கூழ்க் கல்லில் சிறு வீடு: வேலூர்ப் பக்கத்துக்கு ஒத்துவருமா?

குடியாத்தத்துக்காரர் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிலத்தில் 10-க்கு 12 அடியில் ஓர் அறையும் ஒட்டினாற்போல் ஒரு சமையற்கட்டும் கட்ட விரும்புகிறேன். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்த கூழ் 3 பங்கு, சிமெண்ட் 1 பங்கு, சலித்த மணல் 1 பங்கு என்று கலந்து, 12-க்கு 8-க்கு 4 அங்குல அச்சில் பேப்பர்கிரீட் கற்கள் சிலவற்றை வார்த்துப் பார்த்தேன். காய்ந்த கல் 4 கிலோ 200 கிராம்தான் இருக்கிறது. ஆனால் அச்சைவிடச் சுருங்கிவிட்டது. சிமெண்டில் பாதியைக் குறைத்துச் செம்மண்ணும் சுண்ணாம்பும் சேர்க்கலாமா? இச்சுவரின் மேல் கான்கிரீட் தளம் தாங்குமா? எங்கள் மேஸ்திரி, "ஐப்பசி வரட்டும், உங்கள் வீடு மறுபடியும் கூழாகிவிடும்" என்று சிரிக்கிறார்.

காட்பாடிப் பொறியாளர்:
ஐயா, மேஸ்திரியின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, மீண்டும் எடைபோடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். காகித நாரோ நீரை உறிஞ்சுவதற்கென்றே பிறந்தது. கான்கிரீட் தளத்தை இச்சுவர் மேல் ஏற்றவே வேண்டாம், ஏனெனில் இக்கல் உடைவதற்கு முன்பே பாரத்தில் மெல்ல அமுங்கும். பில்லரும் பீமும் பாரத்தைத் தாங்கட்டும், கல் இடைவெளியை நிரப்பினால் போதும். சுருக்கத்துக்கு அஞ்ச வேண்டாம். கற்களை மாசியில் வார்த்து, கத்திரி வெயில் முடியும்வரை காயவிட்டு, அதன்பிறகே சுவர் எழுப்புங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெதுவாகவே இறுகும் என்பதால், கல்லில் சேர்ப்பதைவிட வெளிப்பூச்சுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அடுப்புப் பக்கச் சுவரை மட்டும் செங்கல்லில் கட்டிவிடுங்கள், சிமெண்ட் குறைந்த காகிதக் கல் சுடர்விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

ஆற்காட்டு விவசாயி:
நான் பம்புசெட் அறையை இதே கல்லில் கட்டினேன். கருங்கல் கடைக்காலைத் தரைமட்டத்தோடு நிறுத்தியது என் தவறு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில், அடி வரிசை இரண்டும் ஊறி விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மேல் வரிசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடியைப் பெயர்த்து, 2 அடி உயரத்துக்குக் கருங்கல் ஏற்றி, அதன்மேல் கான்கிரீட் பெல்ட் போட்டு, இறவாரத்தையும் நீட்டினேன். அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி காகிதத்தோடு வெந்தயத்தை ஆட்டி முறத்துக்குப் பூசுவார். அந்த முறத்தையும் அவர் மழையில் வைத்ததில்லை. வெயிலுக்கு மட்டும் இக்கல்லுக்கு இணையில்லை: மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரை உள்ளிருந்து தொட்டால் சூடே தெரியாது.

குடியாத்தத்துக்காரர்:
இருவருக்கும் நன்றி. ஊறிய கல் 6 கிலோ 900 கிராம் காட்டியது. மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் மட்டும் பேப்பர்கிரீட்டில் வைத்து, மற்றவற்றைச் செங்கல்லில் எழுப்புவதாக முடிவு செய்து, மேஸ்திரியிடம் பில்லருக்குக் குழி எடுக்கச் சொல்லிவிட்டேன்.