வாதக் கட்டுரையை எப்படித் திட்டமிட்டீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

தாம்பரத்திலிருந்து, முதுகலைப் பொருளியல்:

கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். ஆனால் அதை எப்படித் திட்டமிடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். அடுத்த பருவத்தில் எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

என் தலைப்பு சென்னையின் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது என் பள்ளி நாள் நினைவு. அதனால் ஆர்வம் நிறைய இருந்தது. அந்த வேகத்தில் ஒரு திட்டம் போட்டேன்: முன்னுரை, ஏரிகளின் வரலாறு, பற்றாக்குறைக்குக் காரணங்கள், பாதிப்புகள், தீர்வுகள், முடிவுரை. கைடு மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதில் எதை யார் மறுப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் சேர்த்து வைத்திருந்தது தகவல் மட்டும்தான்.

மூன்று நாள் கழித்து, "மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய 2003 சட்டம் தோற்றுவிட்டது" என்று எழுதிக்கொண்டு போனேன். இதை மறுக்க ஆள் உண்டு. ஆனால் மறுப்பவர் கைதான் ஓங்கியிருந்தது. சட்டம் வந்த பிறகு நகரத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதாகப் பதிவுகள் இருக்கின்றன, அதை மறைத்துவிட்டு எழுத முடியாது. சரி, ஏறியது சட்டத்தால்தானா? 2005-இல் சென்னையில் கொட்டித் தீர்த்த மழையும் அதே ஆண்டுகளில்தானே வருகிறது? இந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரை உருவானது அப்போதுதான். கடைசியில் நின்ற வாக்கியம் இது: "சட்டம் பலன் தந்தது, ஆனால் கட்டடம் கட்டும்போது மட்டும் சோதித்தால் அந்தப் பலன் நீடிக்காது, ஆகவே ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் கட்டாயச் சோதனை வேண்டும்."

அந்த ஒரு வாக்கியம் கிடைத்ததும் சாப்டர்கள் தாமாக வந்து நின்றன. பலன் தந்தது என்பதற்கு ஒன்று, ஏன் நீடிக்கவில்லை என்பதற்கு ஒன்று, ஆண்டுச் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு ஒன்று. ஏரிகளின் வரலாறு என்று பதினாறு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது அரைப் பக்கமானது. அடித்து நீக்கும்போது மனசு வலித்தது.

எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மாடியிலிருந்து மழைநீர்க் குழாய் ஒழுங்காக இறங்குகிறது, கீழே அந்த நீரை நிலத்துக்குள் விடும் குழி மண் மூடிக் கிடக்கிறது. இதுதான் என் பெரிய சான்று என்று நினைத்திருந்தேன். ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1958-இல் வாதத்தைப் பிரித்துக் காட்டிய முறையை மேடம் அப்போதுதான் சொல்லித் தந்தார். கூற்று ஒன்று, சான்று ஒன்று, அந்தச் சான்றிலிருந்து இந்தக் கூற்றுக்கு வர நம்மை அனுமதிக்கும் நியாயம் ஒன்று. ஒரு தெருவின் குழிகளை வைத்து நகரம் முழுவதையும் பேச என்னிடம் நியாயம் இல்லை. எனவே தெரு முன்னுரைக்கு எடுத்துக்காட்டாகப் போனது, சான்றுக்கு நீர்மட்டப் பதிவுகளைத் தேடினேன்.

அப்புறம், எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி, அறைத்தோழிக்கு வரிசையாக வாசித்துக் காட்டினேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவள் கேட்ட இடங்களில் சீட்டை மாற்றி வைத்தேன். மூன்று தடவை இப்படி நடந்தது. ஒரு தவறு மட்டும் தங்கிவிட்டது. 2005 மழைதான் காரணம் என்ற எதிர்வாதத்தைக் கடைசி சாப்டரில் வைத்துப் பதில் சொல்லியிருந்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதையே பிடித்துத் துருவினார்கள்.

மதுரையிலிருந்து, தமிழ் முனைவர் பட்ட ஆய்வாளர்:

எனக்கும் அதே இடத்தில்தான் அடி விழுந்தது, தங்கச்சி. முதுகலையில் என் கட்டுரை கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அங்கே பானை ஓடுகளில் கிடைத்த தமிழி (பழந்தமிழ் வரிவடிவம்) எழுத்தும் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று நேராக எழுதிவிட்டேன். ஆசிரியர் ஓரத்தில், "கரியின் காலம் பானை ஓட்டின் காலம் ஆவது எப்படி?" என்று எழுதியிருந்தார். நீ சொல்கிற அந்த நியாயம், எனக்கு ஒரு முழு சாப்டரே கேட்டது. மண்ணடுக்கு, எழுத்துள்ள ஓடு கிடைத்த ஆழம், அடுக்கு கலைந்திருக்க வாய்ப்பு உண்டா என்று எல்லாம் எழுத வேண்டியதாயிற்று.

எழுத்தின் தொடக்கத்தை அவ்வளவு முன்னால் கொண்டுபோகாதவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அவர் தரப்புக்குக் கடைசியில் ஒரே ஒரு பத்தி கொடுத்திருந்தேன். பிறகு நன்னூல் நினைவுக்கு வந்தது. நூல் எழுதுகிறவர் கொள்ளும் ஏழு வகை மதத்தில், அதாவது கொள்கையில், ஒன்று, "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே". முதலில் மற்றவர் கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், களைவது பிறகுதான். இளங்கலையில் மனப்பாடம் செய்து ஒப்பித்த வரி, அதை ஒரு கட்டுரைத் திட்டமாக அன்றுதான் பார்த்தேன். மகாதேவன் தரப்பை முதல் சாப்டராக்கினேன். அவர் 2018-இல் மறைந்துவிட்டார், 2019 அறிக்கை அவர் கண்ணில் படவே இல்லை. அவர் இன்று இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்காமல், எழுதி வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் கூற்றும் அதற்கேற்பச் சுருங்கியது. "எழுத்தின் காலம் அவ்வளவு முன்னால் போக வாய்ப்பு உண்டு" என்றுதான் முடித்தேன். சுருங்கிய பிறகு அதை யாராலும் எளிதில் அசைக்க முடியவில்லை.

கோவையிலிருந்து, கல்லூரி ஆசிரியர்:

நான் இரண்டாம் வாரத்திலேயே ஒரு பக்கம் எழுதி வாங்கிவிடுவேன். கூற்று, அதற்குக் காரணங்கள், அதற்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பு ஒன்று. அவ்வளவுதான். கல்லூரிகளில் வருகைப்பதிவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று எழுத வந்த ஒரு மாணவன், எதிர்ப்பைத் தேடிப் படித்து, தரப்பையே மாற்றிக்கொண்டு வந்தான். "சார், பரவாயில்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அவனுடையதுதான்.

தாம்பரத்திலிருந்து, மீண்டும்:

நன்றி அக்கா, நன்றி சார். அந்தக் கட்டுரையை ஒரு கருத்தரங்குக்காக இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அக்கா சொன்னபடி நேற்று இரவு 2005 மழையை முதல் சாப்டருக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கொண்டுவந்ததும் வேறொரு கேள்வி எழுந்தது. மழைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம், அந்த மழை எந்தக் குழி வழியாக நிலத்துக்குள் போனது? எதிர்வாதமே என்னை மூன்றாம் சாப்டருக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. சீட்டுகளைத் திரும்பவும் தரையில் பரப்பியிருக்கிறேன். 2018-இல் பருவமழை பொய்த்து அடுத்த கோடையில் ஏரிகள் வறண்டதே, அந்தச் சீட்டுக்கு மட்டும் இன்னும் இடம் முடிவாகவில்லை.