குமரன் கையில் இருந்த கொடியில் அசோகச் சக்கரமா, ராட்டையா?

ஈரோட்டு அம்மா: மகள் பள்ளி நாடகத்தில் கொடிகாத்த குமரனாக நடிக்கிறாள். இப்போதைய தேசியக் கொடியையே பிடிக்கலாமுங்களா?

சென்னிமலைத் தறிக்காரர்: வேண்டாமுங்க, ராட்டை வரையுங்க. குமரன் இறந்தது 1932 ஜனவரி 11. அசோகச் சக்கரக் கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றதோ 1947 ஜூலை 22-ல். அவர் காலத்தில் இருந்தது 1931-ல் காங்கிரஸ் ஏற்ற கொடி: மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையின் மேல் நீல ராட்டை. காவிக்குத் துணிவும் தியாகமும், வெள்ளைக்கு உண்மையும் அமைதியும், பச்சைக்கு விசுவாசமும் வீரமும் என்று அப்போது பொருள் சொன்னார்கள். ராட்டை சாதாரண சனங்களின் நம்பிக்கை. குமரன் எங்கள் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிச்சத்தத்தில் வளர்ந்தவர் ராட்டைக் கொடியைப் பிடித்தபடி விழுந்தார் என்று நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும். தயவுசெய்து அதை மாற்றிவிடாதீர்கள். துணியும் கதராகவே இருக்கட்டும், சாட்டின் வழுக்கும்.

திருப்பூர்க்காரன்: அப்புறம், தடியடி வாங்கி விழும்போதும் கொடி தரையில் படக்கூடாது. அந்தக் காட்சிக்கு உயிரே அதுதானுங்க.

ஈரோட்டு அம்மா: சரிங்க, ரொம்ப நன்றி. கதர்த் துணி வாங்கி இன்றைக்கே ராட்டை வரைந்துவிடுகிறோம். விழும் காட்சியைத் தனியாகப் பழக்குகிறேன்.