பொருள்: ‘ரிமூவ்’ என்பதற்கு ஒரே சொல் போதாது, ‘உருவு’ வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். லாரி எலக்ட்ரீசியன்களுக்கான பழுதுநீக்கக் கையேட்டைத் தமிழாக்கும் நம் வேலையில் கேபின் மின்வேலைப் பகுதி என் பொறுப்பு. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டு மாட்யூலை, அதாவது மின்னணுப் பெட்டியை, வெளியே எடுக்கும் பக்கத்தில் ‘ரிமூவ்’ என்ற சொல் 11 இடத்தில் வருகிறது. நாம் பதினொன்றுக்கும் ‘நீக்குக’ என்று எழுதி, ஒருமைப்பாடு காத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். அந்த ஒருமைப்பாடுதான் தவறு என்று இப்போது சொல்கிறேன்.

போன வாரம் நாமக்கல்லில் என் மச்சான் பட்டறைக்கு அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். வேலை பழகும் தம்பி ஒருவன் சத்தமாகப் படித்தான்: ‘இணைப்பியை நீக்கி, கட்டுப்பாட்டுக் கூறினை நீக்குக.’ படித்துவிட்டு என்னைப் பார்த்து, “நீக்கணும்னா வெட்டிப் போடணுமாண்ணே?” என்று கேட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள், ஆளை வேலையிலிருந்து நீக்குவார்கள். நீக்கியது திரும்ப வராது. கழற்றிய பொருளைத் திரும்ப மாட்ட வேண்டும் என்ற எண்ணமே அந்தச் சொல்லில் கிடையாது.

வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். அவன் குளோவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, கப்ளரை, அதாவது வயர்களை மாட்யூலோடு சேர்க்கும் அந்த இணைப்பியை, பிடித்து இழுத்தான். ‘படக்’ என்று சத்தம் கேட்டது. லாக் உடைந்துவிட்டது. லாக் உடைந்த கப்ளரும் மாட்டினால் மாட்டும். வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மெல்ல விலகும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்து எரிந்து அணையும், காரணம் தேடி நாள்கணக்கில் அலைவார்கள். அந்த உடைசலுக்கு நம் பக்கமும் பொறுப்பு. அழுத்து என்றோ எந்தத் திசையில் இழு என்றோ அதில் ஒரு வரி இல்லை.

அடுத்து மேஸ்திரி கையை விட்டார். தலையை வெளியே திருப்பிக்கொண்டு, கண் எங்கோ இருக்க, விரலால் தடவியபடி அந்தத் தம்பிக்குச் சொன்னது இது: “கையாலதான் பாக்கணும். லாக்கை அமுக்கு, கப்ளரை ஆட்டாமக் கழட்டு. ரெண்டு போல்ட்டையும் கழட்டி எடு. பாக்ஸை ஒரு விரக்கடை மேல தூக்கு, அப்புறம் உன் பக்கமா உருவு.”

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வினை. அங்கேயே நின்று எழுதிக்கொண்டேன். நம் ‘நீக்கு’வையும் சேர்த்தால் ‘ரிமூவ்’ என்பதற்கு நாலு சொல்.

‘கழற்று’ என்றால் பூட்டியோ திருகியோ மாட்டியிருப்பதை விடுவிப்பது. போல்ட்டு, கப்ளர், பேட்டரி டெர்மினல் எல்லாம் இதில் அடங்கும். ‘எடு’ என்றால் விடுபட்டதைக் கையில் வாங்குவது. ‘நீக்கு’ என்பதைத் திரும்ப மாட்டாத பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய கேஸ்கெட், துரு, அறுந்த டேப் போன்றவை. நான்காவது ‘உருவு’. இந்தப் பக்கத்துக்கு உயிரானது இதுதான்.

அந்த மாட்யூல் ஒரு தகட்டுப் பிடிக்குள் செருகி உட்கார்ந்திருக்கிறது. பிடியின் மேல்விளிம்பு அதைக் கவ்வியிருக்கும். போல்ட்டு இரண்டும் கழன்ற பிறகும் பிடிவிடாது. சற்றுத் தூக்கி, பிடி போகும் திசையிலேயே இழுத்தால்தான் வரும். குறுக்கே இழுத்தால் பிடி வளையும், இல்லாவிட்டால் பெட்டியின் காது உடையும். திசை மாறாமல், தன் நீளவாக்கில், உறைக்குள்ளிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. உறையிலிருந்து கத்தியை உருவுகிறோம், பூட்டிலிருந்து சாவியை உருவுகிறோம், கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவுகிறோம். கயிற்று வேலையில் உருவாஞ்சுருக்கு என்கிறோமே, அதிலும் இதே அசைவுதான். ‘அகற்று’ என்ற சொல்லுக்கு இந்தத் திசை தெரியாது.

ஆகவே என் முன்மொழிவு: வினை ‘உருவு’, பெயர் ‘உருவல்’, கையேட்டில் கட்டளை வடிவம் ‘உருவவும்’.

மாட்யூலுக்கு என்ன சொல் என்று மூன்று மாதமாக இங்கே இழுபடுகிறது. சுருக்கமாக என் கருத்து: ‘கூறு’ மிகவும் பொதுவானது, ‘தொகுதி’ என்றதும் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது, ஆசிரியர் பயிற்சியில் ஏற்கெனவே புழங்கும் ‘கட்டகம்’ போதும். பட்டறையில் ‘பாக்ஸ்’ என்பார்கள், அடைப்புக்குறி இல்லாமல் அதையும் ஒருமுறை எழுதிவிடலாம்.

ஆனால் ‘பாடி கன்ட்ரோல் மாட்யூல்’ என்பதை ‘உடல் கட்டுப்பாட்டுக் கூறு’ என்று போட்டிருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். நாமக்கல்லில் ‘பாடி’ என்றால் சரக்கு ஏற்றும் கூடு. பாடி கட்டுவது அந்த ஊரின் தொழில். அந்தச் சொல்லைக் கேட்டவர் பின்னால் போய் நிற்பார். இந்தக் கட்டகம் பார்ப்பதோ விளக்கு, வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் வேலைகளை. ‘கேபின் மின்கட்டகம்’ என்று வைத்தால் எங்கே தேட வேண்டும், எதற்காகத் தேட வேண்டும் என்ற இரண்டும் பெயரிலேயே தெரியும்.

இதில் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு லாரியில் மின்னணுப் பெட்டிகள் பெருகிவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஏசியின் காற்றுக்குழாயும் அதே டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் ஓட வேண்டும். இருக்கிற கொஞ்ச இடமும் குறையும். கண்ணால் பார்த்துச் செய்ய முடியாத வேலையில் சொல்தான் விளக்கு.

அன்புடன்,
நாமக்கல் மடலர்

*

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணத்திலே கராஜ் வைத்திருந்தனான், இப்ப கனடாவிலே பாரவூர்தி திருத்துறன். உங்கட பிரிப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. ‘நீக்கு’ வேண்டாம் எண்டதிலே மறுபேச்சு இல்லை. ஆனால் ‘உருவு’ எண்டால் ஒரு சந்தேகம். முருங்கையிலை உருவுறது எண்டால் காம்பை விட்டு இலை எல்லாம் கழண்டு வாறது. வயரைப் பிடிச்சு ‘உருவு’ எண்டு சொன்னால், பழகாத பெடியன் மேல் உறையை உரிச்சுப் போடுவான். கையேட்டுக்கு ‘இழுத்தெடு’ போதாதோ?

இன்னொன்று, பற்றறி கழட்டுற வரியிலே ‘துண்டிக்கவும்’ எண்டு கிடக்குது. அதுவும் வெட்டுறதுதானே?

*

தம்பிக்கு வணக்கம்.

‘துண்டிக்கவும்’ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ‘நீக்கு’வில் கண்ட பிழையை அடுத்த வரியிலேயே பார்க்காமல் விட்டிருக்கிறேன். ‘கழற்றவும்’ என்று மாற்றிவிட்டேன்.

முருங்கைக்கீரை எடுத்துக்காட்டை ஒரு நாள் முழுக்க யோசித்தேன், பிறகு மேஸ்திரியிடமும் கேட்டேன். வயரின் மேலுறையை எடுப்பதற்கு அவர்கள் ‘சீவு’ என்கிறார்கள், பென்சிலைப் போல. ‘உருவு’ என்று சொல்வதில்லை. உங்கள் பக்கம் வழக்கு வேறாக இருக்கலாம் என்பதால், வயருக்கு எந்த இடத்திலும் ‘உருவு’ போட வேண்டாம். பிடிக்குள் செருகிய பெட்டிக்கும் குழாய்க்குள் செருகிய கம்பிக்கும் மட்டும் வைத்துக்கொள்வோம். ‘இழுத்தெடு’வை நான் ஏற்கத் தயங்குவது, அந்தத் தம்பி செய்ததும் அதுவே என்பதால்தான். அவன் இழுத்துத்தான் எடுத்தான். ‘இழு’ பலத்தைச் சொல்கிறது, ‘உருவு’ வழியைச் சொல்கிறது.

திருத்திய பக்கம் இப்படி இருக்கிறது, பாருங்கள்:

‘சாவியை அணைத்துச் சில நிமிடம் காத்திருக்கவும், பிஎஸ் 6 வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல் குழாயில் நிற்கும், அதைப் பம்பு டாங்கிக்குத் திருப்பி இழுத்து முடிக்க வேண்டும். பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றவும். குளோவ் பாக்ஸைக் கழற்றி எடுக்கவும். கையை உள்ளே விட்டு, கட்டகத்தின் கப்ளரைத் தடவிக் கண்டுபிடிக்கவும். கப்ளரில் இரண்டாம் லாக் இருந்தால் அதை முதலில் விடுவிக்கவும். முதல் லாக்கை அழுத்திப் பிடித்தபடி, கப்ளரின் உடலைப் பிடித்து நேராகக் கழற்றவும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு போல்ட்டுகளையும் கழற்றவும். கட்டகத்தை ஒரு விரற்கடை தூக்கி, உங்களை நோக்கி உருவவும். கட்டகத்தின் பின்களைக் கையால் தொடக் கூடாது.’

லாக் உடைத்த தம்பியிடமே இதைக் கொடுத்து, வேறொரு வண்டியில் செய்யச் சொன்னேன். ‘விடுவிக்கவும்’ வரியில் மட்டும் நின்று, “மேல தள்ளணுமா, வெளிய இழுக்கணுமா?” என்று கேட்டான். கப்ளருக்குக் கப்ளர் அது மாறும். அந்த இரண்டாம் லாக்குக்கு உங்கள் கராஜில் என்ன பெயர் சொல்வீர்கள், எழுதுங்கள். இங்கே ‘சிவப்பு லாக்’ என்கிறார்கள், ஆனால் எல்லாக் கப்ளரிலும் அது சிவப்பாக இருப்பதில்லை.