மழைக்காலத்தில் நுரைக்கும் ரெசின்: ஒளிவாள் கைப்பிடி நகல் குறித்து ஓர் ஐயம்

செம்பூர்வாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நாயகன் லூக் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடியை நகலெடுத்து வருகிறேன். செம்பூர் வீட்டின் பால்கனியே என் பட்டறை. முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுத்த மாதிரியை 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை தேய்த்து, அதன்மீது சிலிகான் ஊற்றி அச்சு எடுத்தேன். மே மாதத்தில் பாலியூரித்தேன் ரெசினில் (இரு திரவங்களைக் கலந்தால் இறுகிப் பிளாஸ்டிக்காகும் பொருள்) வார்த்த முதல் இரண்டு பிரதிகளும் மாசு மருவின்றி வந்தன. ஜூலையில் அதே அச்சில், அதே டப்பா ரெசினைக் கொண்டு வார்த்த மூன்றும் ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலத் துளைதுளையாகப் பொங்கிவிட்டன. கலக்கும்போது காற்று புகுகிறதோ என்று எண்ணி மிக மெதுவாகக் கலக்கிப் பார்த்தும் பயனில்லை. காற்றை உறிஞ்சி எடுக்க வெற்றிட பம்ப் ஒன்று வாங்கிவிடலாமா? மேலும், வெள்ளி வண்ணம் பூசிய பின்பும் அது கையில் பொம்மையைப் போலவே கனமின்றி இருக்கிறது. இதற்கும் வழி சொல்லுங்கள்.

வார்ப்புக்காரர், தாராவி:
பம்ப் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். உங்கள் சிக்கலுக்குக் காரணம் கலக்கும்போது புகும் காற்று அன்று, மும்பையின் மழை. பாலியூரித்தேன் ரெசினின் இரு பாகங்களில் ஒன்றான ஐசோசயனேட், ஈரத்தைத் தொட்டவுடன் அதனுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுதான் வார்ப்பு இறுகும் நேரத்தில் உள்ளிருந்து நுரையாகக் கிளம்புகிறது. ஊற்றுவதற்கு முன்பு காற்றை உறிஞ்சி எடுத்தாலும், பின்னால் பிறக்கும் வாயுவை அது தடுக்காது. மே மாதத்தில் திறந்த டப்பா இரண்டு மாதங்களாக ஈரக்காற்றைக் குடித்திருக்கும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் திறப்பதே நல்லது. காகிதக் கோப்பையும் மரக்குச்சியும் தம்முள் ஈரத்தை வைத்திருக்கும். பிளாஸ்டிக் கோப்பையும் பிளாஸ்டிக் கரண்டியுமே ஏற்றவை. வார்ப்பதற்கு முன்பு அச்சை 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஆறவிடுங்கள். (வீட்டில் சமைக்கும் அடுப்பில் வேண்டாம், தனியாக ஒரு பழைய ஓவன் கிடைத்தால் போதும். ரெசின் ஆவிக்கு முகக்கவசமும் கட்டாயம் வேண்டும்.)

வேடிக்கை என்னவென்றால், தகர வினையூக்கியால் இறுகும் சிலிகானுக்கு இதே காற்று ஈரம் தேவைப்படுகிறது. ஆகவே நான் மழைக்காலத்தில் அச்சுகளை மட்டும் செய்து அடுக்கிவைத்து, வார்ப்பு வேலையைத் தீபாவளிக்குப் பிறகே தொடங்குவேன்.

பழைய கேமரா பித்து, மாட்டுங்கா:
ஐயா, நான் ஒரு படி முன்னே சென்று கேட்கிறேன்: குழாய் வடிவக் கைப்பிடியை எதற்காக வார்க்கிறீர்கள்? அந்த ஒளிவாள் எவரும் புதிதாக வடித்த சிற்பம் அன்று. படத்தின் அரங்கப் பொருள்களைக் கவனித்த ராஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கிடைத்த கிராஃப்லெக்ஸ் நிறுவனத்தின் பழைய கேமரா ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்து, பிடிக்காகக் கறுப்புப் பட்டைகளை ஒட்டி உருவாக்கியது அது. நடுவிலுள்ள கவ்வியில் மின்னுவது ஒரு கால்குலேட்டரின் உருப்பெருக்கிப் பட்டை. பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கேமராவுடன் இணைந்திருந்த அந்தக் கைப்பிடிக்குள் மூன்று டி அளவு மின்கலங்கள் இருந்தன. ஒரு மின்கலத்தின் விட்டமே சுமார் 34 மி.மீ. என்பதால், குழாயின் பருமன் ஏன் அவ்வளவு என்பதும் தானே விளங்கும். பித்தளைக் குழாயை லேத்தில் கடைந்து முலாம் பூசிவிட்டால், எடை, குளிர்ச்சி, தட்டினால் எழும் ஓசை மூன்றும் ஒருசேரக் கிடைக்கும். பழம்பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய கேமராச் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் உண்மையான பழைய ஃபிளாஷ் கைகூடினால், தயவுசெய்து அதை அறுத்துத் துளையிடாதீர்கள்.

வார்ப்புக்காரர், தாராவி:
மாட்டுங்கா நண்பர் சொல்வது சரியே. இருந்தாலும் பத்துப் பிரதிகள் வேண்டுவோருக்கு லேத்துக் கூலி கட்டுபடியாகாது. ரெசினிலேயே தொடர்வதானால் வெள்ளி வண்ணத்தைக் கைவிடுங்கள். நுண்ணிய அலுமினியப் பொடியை அச்சின் உட்புறம் தூவி, ரெசினிலும் கலந்து வார்த்துவிடுங்கள்; இறுகியபின் 0000 எண் எஃகு நாரால் தேய்த்தால் பொடி மேலெழும்பி உலோகமாகவே ஒளிரும். பொடியையும் முன்பே உலர்த்திக்கொள்ள வேண்டும். நடுவில் ஓர் இரும்புத் தண்டைப் புதைத்தால் எடைக்குறையும் தீரும். அடிப்பகுதியில் ‘நகல்’ என்ற சொல்லையும் ஆண்டையும் அச்சிலேயே பொறித்துவிடுங்கள். கைமாறிக் கைமாறிப் போகும் பொருளை, பின்னாளில் எவரோ ஒருவர் படத்தில் பயன்பட்டது என்று சொல்லி விற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று புதிய டப்பாவையும் பிளாஸ்டிக் கோப்பையையும் கொண்டு, அச்சை உலர்த்தியபின் ஒரு சிறு துண்டை மட்டும் வார்த்துப் பார்த்தேன். கடுகளவுத் துளைகள் இரண்டுடன் வந்தது. ஒரு பித்தளைக் குழாய்க்கும் சொல்லிவைத்திருக்கிறேன். உட்துளையை 35 மி.மீ. ஆக வைத்தால் மின்கலங்கள் இறுக்கமின்றி நுழையுமா, மாட்டுங்கா ஐயா?