புள்ளி தெரியாத பிள்ளைகள்: கிட்டப்பார்வை பற்றி நம் அனுபவங்கள்

எட்டு வயதுப் பெண்ணின் அம்மா:

என் பொண்ணுக்குக் கண் சரியா தெரியலைங்கறதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு குடை. ஸ்கூல் விடற நேரத்துக்குத் தினமும் பச்சைக் குடையோட போய் நிப்பேன், அவ நேரா என்கிட்ட ஓடி வந்துடுவா. ஒருநாள் அந்தக் குடையோட கம்பி உடைஞ்சதால கறுப்புக் குடையை எடுத்துட்டுப் போனேன். வாசலுக்கு வந்தவ அப்படியே நின்னுட்டா. இருபது அடி தூரத்துல நான் கையை ஆட்டிக்கிட்டே நிக்கிறேன். அவ கண்ணைச் சுருக்கிக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடறா, உதடு துடிக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் குரல் வந்த பக்கமா ஓடி வந்தா.

ராத்திரி படுக்கும்போது கேட்டேன், "அம்மா முகம் தெரியலையா கண்ணு?" "கிட்ட வந்தாதானே முகம் தெரியும்"னு சாதாரணமா சொன்னா. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சுட்டு இருந்திருக்கா. தெளிவுன்னா என்னன்னே பார்த்திராத பிள்ளை எதை வெச்சுக் குறை சொல்லும்?

இதுக்கு முன்னாடி, "தெருவுல பார்த்துச் சிரிச்சா உன் பொண்ணு திரும்பிச் சிரிக்கக்கூட மாட்டேங்குறா"ன்னு தெரிஞ்சவங்க சொன்னதைக் கேட்டு, மரியாதை தெரியலைன்னு அவளை ரெண்டு மூணு தடவை கடுமையா திட்டியிருக்கேன். அதை நினைச்சா இன்னும் மனசு ஆறலை.

டாக்டர்கிட்ட போனோம். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிய வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 2.75. அப்படின்னா சுமார் 36 சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கறது எல்லாமே அவளுக்கு மங்கல்தான். ஸ்கூல் ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் அவளோட தெளிவான உலகம். கண்ணாடி போட்ட மறுநாள் ஸ்கூல் வாசல்ல என்கிட்ட வந்ததும் முதல்ல கேட்டது இதைத்தான்: "அம்மா, நீ அவ்ளோ தூரத்துலயேவா சிரிக்க ஆரம்பிப்பே?"

உங்க வீட்டுல எப்படிக் கண்டுபிடிச்சீங்க, என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. எனக்கு இப்ப எல்லாமே புதுசு.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் என் வகுப்பில் இருந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வந்தான். கரும்பலகையில் இருப்பதை எழுதச் சொன்னால் புள்ளியே வைக்க மாட்டான். 'கப்பல்' என்று நான் எழுதியிருப்பேன், அவன் நோட்டில் 'கபபல' என்று இருக்கும். பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். கவனக்குறைவு என்று அவன் அம்மாவிடமும் சொன்னேன். ஒருநாள் சொல்வதெழுதுதல் நோட்டைத் திருத்தும்போதுதான் திக்கென்றது. அதில் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. காதால் கேட்டு எழுதினால் புள்ளி இருக்கிறது, கண்ணால் பார்த்து எழுதினால் இல்லை.

பார்வை மங்கும்போது நம் எழுத்தில் முதலில் மறைவது புள்ளிதான். அதற்குப் பிறகு 3க்கும் 8க்கும் வித்தியாசம் போய்விடும், 'ன'வும் 'ண'வும் ஒன்றாகிவிடும். அன்றிலிருந்து வருடத் தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு நாங்கள் நிம்மதியாகிவிடுகிறோம். அது பிரச்சினையை ஒளித்துவைப்பதுதான். இடத்தை மாற்றுங்கள், அன்றைக்கே வீட்டுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பது வயதிலிருந்து கண்ணாடி போடுபவர்:

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை காதுபட "ஐயோ, இந்த வயசுலயேவா"ன்னு யாரும் சொல்ல விடாதீங்க. எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வாங்க. விருந்தாளி சத்தம் கேட்டாலே நான் கண்ணாடியைக் கழட்டித் தலையணைக்கு அடியில வெச்சுடுவேன். வந்தவங்க முகமே தெரியாம அவங்க எதிர்ல உட்கார்ந்திருப்பேன். ஃபிரேமை அவளே தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காத நிறமா இருந்தாலும் சரி.

ஒரு பையனின் அப்பா:

எங்க கதை வேற மாதிரி. பையனுக்கு ஆறு வயசு. டிவிகிட்ட போய் உட்காரல, கண்ணைச் சுருக்கல, எழுத்துலயும் தப்பில்ல. ஒருநாள் தாளைச் சுருட்டி டெலஸ்கோப் மாதிரி வெச்சு விளையாடிட்டு இருந்தோம். இடது கண்ணுல வெச்சுட்டு, "அப்பா, இந்தக் குழாய் கெட்டுப்போச்சு"ன்னான். அதே குழாயை வலது கண்ணுக்கு மாத்தினான். "இப்ப நல்லாயிருக்கு."

பரிசோதனையில வலது கண் சுத்தமா நல்லாயிருக்கு, இடது கண் மைனஸ் 5. ஒரு கண்ணே எல்லா வேலையும் பார்த்துட்டு இருந்ததால வெளிய எதுவும் தெரியல. இப்படி ரெண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா, மூளை மங்கலான கண்ணைக் கண்டுக்காம விட்டுடுமாம். 'சோம்பேறிக் கண்'ணுன்னு சொல்றாங்க. சின்ன வயசுல பிடிச்சாதான் சுலபமா சரியாகும்னு டாக்டர் சொன்னார். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் 2 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடணும்.

முதல் வாரம் அழுது பிச்சுப் போட்டான். நானும் ஒரு கண்ணுல பேட்ச் ஒட்டிக்கிட்டு அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். டம்ளர்ல தண்ணி ஊத்தப் போனா பாதி வெளிய போச்சு. அதைப் பார்த்து, "மெதுவா ஊத்துப்பா, பழகிடும்"னு எனக்குத் தைரியம் சொன்னான். அதுக்கப்புறம் அழல. வீட்டுல சின்னப் பிள்ளை இருந்தா ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா மூடிப் பாருங்க. தெளிவா தெரியற கண்ணை மூடினாதான் பிள்ளை கையைத் தட்டிவிடும்.

கண் மருத்துவமனையில் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்:

தினமும் பெற்றோர் என்னிடம் கேட்பதையே இங்கும் எழுதுகிறேன்.

"சொட்டு மருந்து கட்டாயமா?" ஆமாம். பிள்ளைகளின் கண் தன்னையறியாமல் இறுக்கிக் கிட்டே குவித்துக்கொள்ளும். சொட்டு விடாமல் பார்த்தால் இல்லாத மைனஸ் பவர்கூட இருப்பதாகக் காட்டலாம். அன்றைக்குப் படிக்க மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அதற்குத் தயாராக வாருங்கள்.

"முழுப் பவர் போட்டால் கண் பழகி இன்னும் ஏறிடுமே, கொஞ்சம் குறைத்துக் கொடுங்களேன்." இதைக் கேட்காத நாளே இல்லை. கிட்டப்பார்வையில் கண் விழி முன்பின்னாக நீளமாக வளர்ந்துவிடுகிறது. தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினாலே பவர் இரண்டரைக்கு மேல் போய்விடும். பிள்ளை வளர்கிற வயதில் விழியும் வளர்வதால்தான் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல. மலேசியாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் இரண்டு வருடத்தில் அதிகமாக ஏறியிருந்தது. கண் பயிற்சி செய்தாலும் நீண்ட விழி சுருங்காது.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் வெளியே விடுங்கள். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப்பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதியினரைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்க வைத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடத்தான் இது அதிகம் உதவும். அதனால் கண்ணாடி போட்ட பிள்ளையைவிட அதன் தம்பி தங்கைக்கு இது இன்னும் முக்கியம்.

ஏற்கெனவே வேகமாக ஏறும் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு இருக்கிறது, அதற்கென்றே செய்த லென்ஸ்களும் வந்துவிட்டன. இவை ஏறும் வேகத்தைக் குறைக்கும், ஏறிய பவரை இறக்காது. உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், விழுந்தாலும் சிதறாது. ஃபிரேம் மூக்கில் இறங்கினால் பிள்ளை அதற்கு மேலாகத்தான் பார்க்கும். உடனே சரிசெய்து வாங்குங்கள். கண்ணில் மின்னல் அடிக்கிறது, திரை விழுகிற மாதிரி இருக்கிறது என்று எப்போது சொன்னாலும் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். பவர் அதிகமுள்ள கண்ணில் விழித்திரை விலகும் அபாயம் கூடுதல்.

எட்டு வயதுப் பெண்ணின் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஆறு மாசம் ஆச்சு, இன்னைக்குத்தான் மறுபடி பரிசோதனைக்குப் போனோம். மைனஸ் 3 ஆகியிருக்கு. மனசு கலங்கிடுச்சு. ஆனா மேல எழுதினதை எல்லாம் படிச்சிருந்ததால, கண்ணாடிதான் காரணம்னு யார் மேலயும் கோபம் வரலை. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளும் தம்பியும் வெளியதான் விளையாடறாங்க. டீச்சர் சொன்ன மாதிரி ரெண்டு நோட்டையும் எடுத்து வெச்சுப் பார்த்தேன், பழைய பக்கங்கள்ல புள்ளியே இல்லை. அதுக்கெல்லாம் நான் இம்போசிஷன் எழுத வெச்சிருக்கேன்.

இப்ப ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அவளே ரெண்டு கையாலயும் கண்ணாடியைக் கழட்டி, தண்ணியில கழுவி, மெல்லிசு துணியால ஒத்தி எடுத்து, லென்ஸ் மேல் பக்கமா இருக்கற மாதிரி பெட்டியில வைக்கிறா. நான் வைக்கப் போனா, "இரு, நான்தான் வைப்பேன்"ங்குறா.