உணவுக்குழாய்ப் பிடிப்பு: தினமும் மாத்திரை அவசியமா?

பிளாஸ்க்காரன்:
எனக்கு இருப்பது உணவுக்குழாய்ப் பிடிப்பு, அதாவது உணவுக்குழாயின் தசை தாறுமாறாகச் சுருங்கி நெஞ்சு வலிப்பது, என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மானோமெட்ரி செய்து சொன்னார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, உள்ளே அழுத்தத்தை அளக்கும் சோதனை அது. அந்தத் தசையைத் தளர்த்த தினமும் டில்டியாசெம் மாத்திரை கொடுத்தார்கள். கால் வீங்கியது, எழுந்தால் தலை சுற்றியது. டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். மாதத்தில் ஒரு நாள் வரும் வலிக்கு முப்பது நாளும் மாத்திரை எதற்கு? இப்போது கட்டிலருகே ஒரு பிளாஸ்க் சுடுநீர், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கத் தொடங்கியதும் வாய் பொறுக்கும் சூட்டில் சிறிது சிறிதாகக் குடிப்பேன். நாலைந்து மடக்கில் பிடி தளரும். ஐஸ் தண்ணீரை அறவே விட்டுவிட்டேன்.

இசிஜி முதலில்:
இதைப் படித்துவிட்டு யாராவது மாரடைப்புக்குச் சுடுநீர் குடிக்கப் போகிறார்கள். இரண்டு வலியும் நடு நெஞ்சில்தான் வரும், தாடைக்கும் முதுகுக்கும் பரவும். நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் இரண்டையுமே தணிக்கக்கூடும் என்பதால், மாத்திரைக்கு அடங்கியதை வைத்தும் எது என்று சொல்ல முடியாது. என் மாமனார் வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் குடித்தபடி விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் மாடிப்படி ஏற முடிவதில்லை.

பிளாஸ்க்காரன்:
இசிஜி, டிரெட்மில், ஆஞ்சியோ எல்லாம் முடித்த பிறகுதான் மானோமெட்ரிக்கே அனுப்பினார்கள். அதை முதலிலேயே எழுதாதது என் தவறு.

இசிஜி முதலில்:
மூன்று ஆண்டுக்கு முந்தைய ஆஞ்சியோ இன்றைய இதயத்துக்குச் சாட்சி சொல்லாது, ஐயா.

புதினா கட்சி:
சுடுநீரோடு ஏன் நிற்கிறீர்கள்? பெப்பர்மின்ட் எண்ணெயை நீரில் கலந்து கொடுத்தபோது உணவுக்குழாயின் தாறுமாறான சுருக்கங்கள் சீரானதாக 2001இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

இசிஜி முதலில்:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டியில் அதைவிட அதிகம்.

புளித்த ஏப்பம்:
புதினா எனக்கு ஆகவே ஆகாது. அது உணவுக்குழாயின் அடிவாயையும் தளர்த்திவிடும், அமிலம் மேலேறும். என் பிடிப்புக்கே அமிலம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வைத்தேன். அமில மாத்திரையையும் விடவில்லை. ‘மருந்தே வேண்டாம்’ என்பவர்கள் எந்த மருந்தைச் சொல்கிறார்கள்? பிடிப்புக்கானதையா, அமிலத்துக்கானதையா? இரண்டையும் ஒரே கூடையில் போட்டு வீசுகிறீர்கள். சோறு தொண்டைக்குக் கீழே அடைத்து நின்றாலோ, எடை குறைந்தாலோ செங்கலும் போதாது; டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பிளாஸ்க்காரன்:
நான் விட்டது டில்டியாசெம்மை மட்டும். அதில் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன். ஆனால் என் மனைவி இதையெல்லாம் படித்துவிட்டு பிளாஸ்க்கின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: “பதினைந்து நிமிடம். பிறகு 108.” இருபது கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.

இசிஜி முதலில்:
வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ அந்தப் பதினைந்தும் கிடையாது என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.